கதவைத் தட்டிய குழந்தை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஏறிப் பேசுதற்கு எனக்குள்ள தகுதி யாது என்று காலை முதல் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் நான். சென்னை எழும்பூர் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. கூடைக்கும் மூட்டைக்கும் எடை பார்த்துச் சீட்டெழுதுவது என் தொழில். தண்டவாளம் என்பதே இல்லாத தீவுகளில் பிறந்த ஒருவன் இரயில்வேயில் உத்தியோகம் பார்க்கின்றான் என்பது ஒன்றுதான் என்னிடம் உள்ள புதுமை. அந்தப் புதுமைக்கும் ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

ஆண்டுக்கு இருமுறை விடுப்பில் வந்து குடும்பத்தைப் பார்த்துப் போகின்றவன் ஆதலால், பட்டணத்துச் செய்தி ஏதேனும் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். நான் சினிமாவைப் பற்றிப் பேசுகின்றேன் என்றேன். அவர் முகம் சற்றே வாடிற்று. தாய்மார்களின் முகம் மலர்ந்திருக்கும். இரு சாராரும் ஏமாறப் போகின்றீர்கள். ஏனெனில் நான் சொல்லப் போவது நம் நாட்டுப் படம் அன்று. அதில் சண்டை இல்லை, வில்லன் இல்லை, கடைசியில் கல்யாணமும் இல்லை. ஒரு வாத்தியார், ஒரு மலை, சில குழந்தைகள், ஒரு மாடு. அவ்வளவே.

நமக்கும் சீன தேசத்துக்கும் இடையில், இமயமலையின் மடியில், பூட்டான் என்றொரு சிற்றரசு இருப்பதை அறிவீர்கள். அந்நாட்டினரான பாவோ சோய்னிங் தோர்ஜி என்பவர் எழுதி இயக்கி 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த படம் இது. 'லுனானா: வகுப்பறையில் ஒரு யாக்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2022-ஆம் ஆண்டின் ஆஸ்கார் பரிசுக்குரிய ஐந்து அயல்நாட்டுப் படங்களுள் ஒன்றாக அது எடுத்துக்கொள்ளப்பட்டது. பூட்டானுக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதல் தடவை. பரிசென்னவோ ஜப்பானியப் படத்துக்குப் போயிற்று. போகட்டும்.

யாக் என்பது பனிமலையில் வாழும் சடை மாடு. இமயத்துச் சாரலில் நறும்புல் மேய்ந்து திரியும் கவரியைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றார்கள் அல்லவா? அந்தக் கவரி இதுவே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். ஆகவே படத்தின் பெயரில் உள்ள விலங்கு நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று.

கதையைக் கேளுங்கள். உக்யென் என்னும் இளைஞன் திம்பு நகரில் பாட்டியோடு வாழ்கின்றான். அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி அவன் ஆசிரியன். ஆனால் அவன் உள்ளமோ ஆஸ்திரேலியாவில் இருக்கின்றது. அங்குப் போய்ப் பாடகன் ஆகவேண்டும் என்பது அவன் கனவு. ஒப்பந்தத்தின் இறுதி ஆண்டில் அவனை லுனானா என்னும் ஊருக்கு மாற்றுகின்றார்கள். நாட்டின் வடகோடியில், பனிப்பாறைகளின் அருகில் இருக்கும் ஊர் அது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நாட்கணக்கில் மலையேறி நடக்கவேண்டும். காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கின்றான். ஊருக்கு வெளியே இரண்டு மணி நேர நடைத் தொலைவில் ஊர்மக்கள் அனைவரும் எதிர்கொண்டு நிற்கின்றார்கள். யாருக்காக? வாத்தியாருக்காக! அவனுக்கு வெட்கமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பார்க்கின்றான். தூசி. கரும்பலகை இல்லை. மின்சாரம் இல்லை. "என்னால் இங்கு இருக்க இயலாது, திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று ஊர்த் தலைவரிடம் சொல்லிவிடுகின்றான். அந்தப் பெரியவர் கோபிக்கவில்லை. கோவேறு கழுதைகள் களைத்திருக்கின்றன, சில நாள் ஓய்வெடுத்துப் புறப்படலாம் என்கின்றார்.

மறுநாள் காலை போர்வைக்குள் உறங்குகின்றான். கதவு தட்டப்படுகின்றது. திறந்தால் வாயிலில் ஒரு சிறுமி. கன்னம் இரண்டும் குளிரில் சிவந்திருக்கின்றன. தான் வகுப்புத் தலைவி என்று பணிவோடு அறிமுகம் செய்துகொள்கின்றாள். வகுப்பு எட்டரை மணிக்குத் தொடங்கவேண்டும், இப்போது ஒன்பது ஆகின்றது, வாத்தியாரைக் காணவில்லையே என்று பார்க்க வந்தேன் என்கின்றாள்.

அன்பர்களே! நான் இதுவரை பார்த்த படங்களில் எத்தனையோ கதாநாயகர்கள் கதவை உதைத்துத் திறந்திருக்கின்றார்கள். அந்தக் குழந்தை மெல்லத் தட்டியதைப் போல என் நெஞ்சில் விழுந்த ஓசை வேறொன்றில்லை. பெம் ஸாம் என்னும் அந்தச் சிறுமி நடிகை அல்லள். அவ்வூர்க் குழந்தையே அவள். படத்திலும் அவளுக்கு அதே பெயர்தான். மின்சாரம் இல்லாத இடமாதலால், சூரிய ஒளியால் மின்கலங்களை நிரப்பிக்கொண்டு அங்கேயே தங்கிப் படம் பிடித்திருக்கின்றார்கள்.

அதன்பிறகு அவன் எழுந்து போகின்றான். பாடம் சொல்லித் தரத் தொடங்குகின்றான். கரித்துண்டால் சுவரில் எழுதுகின்றான். எழுதத் தாள் இல்லாதபோது, தன் அறைச் சாளரத்தில் குளிர்காற்றைத் தடுக்க ஒட்டியிருந்த தாளையே கிழித்துக் குழந்தைகளுக்குத் தருகின்றான். சடைமாட்டின் சாணமே அங்கு அடுப்புக்கு விறகு. அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்று நோர்பு என்னும் மாட்டை வகுப்பறையிலேயே கட்டிவைக்கின்றார்கள். இவன் ஆங்கில எழுத்துக் கற்பிக்கையில் 'சி' என்னும் எழுத்துக்குக் 'கார்' என்று எழுதுகின்றான். குழந்தைகள் விழிக்கின்றார்கள். அவர்கள் காரைக் கண்டதில்லை. அழித்துவிட்டுப் பசு என்று பொருள்படும் 'கௌ' என்று எழுதுகின்றான். எல்லா முகத்திலும் விளக்கேறுகின்றது.

இந்தக் கட்டத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்று சொல்லுகின்றேன். இங்கேதான் என் புதுமைக்குக் காரணம் வருகின்றது.

நான் பிறந்தது நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை 1970-களில் அங்கே இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 1964-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு அது. ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலையில் பிறந்த என் தந்தையார் அப்படித்தான் அங்கு வந்து சேர்ந்தார். தேயிலை கிள்ளிய கை இரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகிற்று.

தோட்டத்துப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, தமிழ்ப் புத்தகத்தில் புகைவண்டியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. எங்களில் ஒருவரும் புகைவண்டியைக் கண்டதில்லை. என் தந்தையார் அதனைக் 'கோச்சி' என்பார். இலங்கை மலைநாட்டில் அதுதான் பெயர். புத்தகம் புகைவண்டி என்கின்றது. வீட்டில் கோச்சி என்கின்றார்கள். வாத்தியாரோ இரயில் என்கின்றார். மூன்றும் மூன்று பிராணிகள் என்று நான் எண்ணிக்கொண்டேன். வாத்தியார் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. எங்கள் விழிப்பைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவைத்தார். எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துச் சென்று வரிசையாக நிறுத்தினார். முன்னிருப்பவன் சட்டையைப் பின்னிருப்பவன் பற்றவேண்டும். வாத்தியாரே எஞ்சின். வாயால் ஊதினார், கூவினார், புறப்பட்டார். பலா மரம் மதுரை. கிணற்றடி திருச்சிராப்பள்ளி. கொடிக்கம்பம் சென்னை எழும்பூர். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று இருவர் இறங்க, இருவர் ஏறினோம். நிக்கோபாரிப் பிள்ளைகளும் ஓடிவந்து பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நான் கடைசி ஆள். என் கையில் ஒரு பச்சை இலையைக் கொடுத்து, "நீதான் கார்டு, நீ அசைத்தால்தான் வண்டி நகரும்" என்றார்.

அன்றைக்கு நான் அசைத்த இலைதான் என்னை எழும்பூரில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றால் மிகையாகாது. கார்டு ஆக முடியவில்லை, குமாஸ்தா ஆனேன். பதினெட்டு வயதில் உண்மையான இரயிலை முதன்முதலில் பார்த்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது. எங்கள் வாத்தியாரின் வண்டி இதைவிட நன்றாகக் கூவும்.

அவர் இரண்டு ஆண்டு இருந்தார். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். அவர்மீது குற்றம் சொல்ல நான் யார்? அவர்க்கும் தாய் தந்தையர் இருந்தனர். கப்பல் துறையில் நாங்கள் வரிசையாக நின்றோம். ஒருவன் விளையாட்டாக முன்னவன் சட்டையைப் பற்றினான். அனைவரும் பற்றிக்கொண்டோம். எஞ்சின் மட்டும் படகில் ஏறிப் போய்விட்டது. மழைக்காலம் வந்தது, கப்பல் வரத்துக் குறைந்தது, அடுத்த வாத்தியார் வரும்வரை நான் தோட்டத்தில் விதை பொறுக்கினேன்.

படத்திலும் அப்படியே முடிகின்றது. பனிக்காலம் வருகின்றது. உக்யென் விடைபெற்றுக்கொண்டு மலையிறங்குகின்றான். ஆஸ்திரேலியாவில் ஒரு மதுக்கடையில் கூலிக்குப் பாடிக்கொண்டிருப்பவன், நடுவே நிறுத்தி, அந்த மலையில் கற்ற சடைமாட்டுப் பாட்டைப் பாடத் தொடங்குகின்றான். நம் கண்ணில் நீர் வருகின்றது. விளக்குப் போடுகின்றார்கள். நல்ல படம், மிக நல்ல படம். ஆயினும் என் போன்றவனுக்கு அது பாதியில் நின்றுவிட்டதாகவே தோன்றிற்று. வாத்தியாரின் மனம் மாறியதைப் படம் காட்டிற்று. பனி உருகியபின் அந்தக் குழந்தை யாருடைய கதவைத் தட்டினாள் என்பதைக் காட்டவில்லை. துறையில் நின்ற பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை அங்கேதான் தொடங்குகின்றது.

இந்த மறுபாதிக் கதையைத் தேடி நாம் இமயத்துக்குப் போகவேண்டியதில்லை என்று பின்னர் அறிந்தேன். நம் தீவுகளிலேயே அது நடந்திருக்கின்றது. அதிலும் அதனைத் தொடங்கிவைத்தவர் ஒரு தமிழர்.

முதலில் ஒரு பழங்கதையைத் தொட்டுச் செல்கின்றேன். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் என்பவன் வருகின்றான். சூதில் பொருளிழந்து, கப்பலேறிப் போய், கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகின்றான். கொன்று தின்ன வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகின்றான்; பிழைக்கின்றான். பின்பு அவர்கள் தலைவனுக்கே நல்லறம் எடுத்துரைக்கின்றான். அந்த நிலம் நிக்கோபார் என்று கருதுவோர் உண்டு. இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவதும் இத்தீவுகளையே. கதையில் நான் வியப்பது அவன் சொன்ன அறத்தை அன்று. அவர்கள் மொழியை அவன் முன்பே கற்றிருந்தான் என்பதைத்தான். அதுவன்றி அவன் ஒரு வேளை உணவாகியிருப்பான்.

ஏட்டுக்கதை இருக்கட்டும். சரித்திரத்துக்கு வருவோம். நிக்கோபாரில் கால் ஊன்ற முயன்றவர் பலர். தரங்கம்பாடியிலிருந்து போன மொரேவிய சபையார் 1768 முதல் 1787 வரை நான்கௌரியில் பாடுபட்டுப் பலரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துத் திரும்பினர். ஆங்கிலேயர் 1869-இல் நான்கௌரித் துறைமுகத்தில் கைதிகள் குடியிருப்பு ஒன்றை அமைத்து 1888-இல் கலைத்துவிட்டார்கள். அதன்பின், 1890-களில், கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். வேதப்பன் சாலமன் என்பது அவர் பெயர். சென்னை மாகாணத்துத் தமிழர், கிறிஸ்தவ உபதேசியார்.

அவர் வகித்த உத்தியோகங்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வருகின்றது, மதிப்பும் வருகின்றது. அரசாங்கத்தின் பிரதிநிதி அவரே. தேங்காய் வாங்க வரும் வாணிபக் கலங்களைக் கவனிப்பவர் அவரே. வானிலைக் குறிப்பு எடுப்பவர் அவரே. கோயில் வழிபாடு நடத்துபவர் அவரே. பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும் அவரே. எங்கள் இரயில்வேயில் சின்னஞ்சிறு நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டரே டிக்கெட்டும் கொடுத்து, கைகாட்டியும் இறக்கி, விளக்கும் ஏற்றுவார். அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிலையத்தில் வண்டி எப்போது வரும் என்று மட்டும் தெரியாது.

அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902-ஆம் ஆண்டில் இலண்டன் மானிடவியல் கழகத்தின் சஞ்சிகையில் அச்சாயின. என் மகள் அதனைக் கணினியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். என் பார்சல் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அகராதியின் துணையோடு படித்தேன். உபதேசம் செய்ய வந்தவர் உபதேசத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. தீவினரின் சடங்குகள், விழாக்கள், வழக்கங்கள் என்று கண்டவற்றையெல்லாம் குறித்து வைத்திருக்கின்றார். கற்பிக்க வந்தவரே நாள்தோறும் பாடம் படித்திருக்கின்றார்.

அவருடைய பள்ளியில் சேர்ந்த சிறுவர்களுள் ஒருவன் ஹாச்செவ்கா. அவனுக்கு ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயராயிற்று. மேற்படிப்புக்காக அவனைப் பர்மாவில் உள்ள மாந்தளைக்கு அனுப்பினார்கள். தென்னையும் கடலும் மட்டும் அறிந்த பிள்ளை மாந்தளையைப் பார்த்தான். ஆங்கிலம் கற்றான். அவன் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். உக்யெனுக்கு ஓர் ஆஸ்திரேலியா இருந்ததுபோல அவனுக்குப் பர்மாவிலேயே ஒரு வேலை கிடைத்திருக்கும். நம்மில் எத்தனை பேர் திரும்பினோம்? ஆனால் 1912-ஆம் ஆண்டில் ரிச்சர்ட்சன் மூஸ் கிராமத்துக்கு ஆசிரியராகவே திரும்பி வந்தார்.

பின்னர் நடந்தவற்றை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். கார் நிக்கோபாரி மொழிக்கு எழுத்து வடிவில் புத்தகம் உண்டாக்கியதில் அவர் பங்கு பெரிது. புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்த்தார். பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆடவும் கற்பித்தார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவுகள் இருந்தபோது அவருடைய மைந்தர் இருவர் கொல்லப்பட்டனர். அவரும் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். 1950-இல் பிஷப் ஆனார். 1952-இல் நம் தீவுகளின் சார்பாக நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் உறுப்பினர் அவரே. 1975-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978-இல் காலமானார். நான் இங்கு மதத்தைப் பற்றிப் பேச வரவில்லை. அவரை நான் ஒரு வாத்தியாராகவே பார்க்கின்றேன். மூஸ் கிராமத்துக் குழந்தை அதன்பின் கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்து அதன் மொழியிலேயே பதில் வந்திருக்கும் அல்லவா? சாலமன் கார் நிக்கோபாருக்குச் செய்த பெரிய உதவி, தமக்குப் பின் அங்கேயே ஒருவரை உண்டாக்கிவிட்டுச் சென்றதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது.

இப்படியெல்லாம் பேசுகின்றவன் நல்லவன் போலும் என்று நினைத்துவிடாதீர்கள். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகின்றேன்.

என் மகள் இங்கேயே போர்ட் பிளேயரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள நம் ஊரில், தமிழ்வழியில் படித்து ஆசிரியப் பயிற்சி முடித்தாள். சென்ற ஆண்டு அவளுக்கு வேலை கிடைத்தது. ஊர்: கச்சால்.

அந்தப் பெயரைத் தொலைபேசியில் கேட்டவுடன் எனக்குக் கை நடுங்கிற்று. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் தாயார் தம் நிக்கோபாரித் தோழியைப் பார்க்கக் கடலோரக் கிராமத்துக்குப் போயிருந்தார். பலகாரம் எடுத்துக்கொண்டு முந்தின நாளே போனவர், அன்று காலை திரும்புவதாக இருந்தது. தோழியும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. நான் அப்போது எழும்பூரில் இருந்தேன். தந்தையாரை இங்கு அழைத்து வந்தபின், கச்சால் என்னும் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் உரக்கச் சொல்லுவதில்லை.

ஆகவே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். குமாஸ்தாவுக்கு வேறென்ன ஆயுதம்? ஒரே மகள் என்று எழுதினேன், அது உண்மை. பாட்டனார் நோயாளி, அவரைப் பேண வேறு ஆளில்லை என்று எழுதினேன், அது பொய். அவர் இப்போதும் விடியற்காலையில் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகின்றவர். விடுப்பில் வந்து அதனை அவரிடம் படித்துக் காட்டினேன். "ஏன் தம்பி, என்னைப் படுக்கையில் போட்டுவிட்டாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு உணவுக்குப் பின் எங்கள் மூவரையும் அமர்த்தி இந்தப் படத்தைப் போட்டாள். படம் முடிந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என் இரயில் வாத்தியாரின் கதையை, நூறாவது தடவையாக இருக்கும், மீண்டும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, அந்த வாத்தியார் கப்பலேறிய பிறகு நீங்கள் யார் கதவைத் தட்டினீர்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. விடை சொன்னவர் என் தந்தையார். "இவன் எங்கே தட்டினான்? விதை பொறுக்கினான்" என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, "உன் அப்பாயி அங்கேதான் இருக்கிறாள். போய்ப் பார்த்துக்கொள்" என்றார். இருபது ஆண்டுகளில் அவர் அந்தத் தீவைக் குறித்துச் சொன்ன முதற்சொல் அது.

விண்ணப்பம் இன்னும் என் பையில்தான் இருக்கின்றது. எழுத்து அழகாக அமைந்துவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை.

ஹாடோ துறையில் நானே அவளைக் கப்பலேற்றினேன். பயணம் ஒரு பகல் ஓர் இரவுக்குக் குறையாது. மெத்தை, அரிசி, மிளகாய்ப்பொடி, ஒரு பெட்டி நிறையப் புத்தகம். இரயில்வே குமாஸ்தா கட்டிய மூட்டை. ஒன்றும் அவிழவில்லை என்று பிறகு சொன்னாள். ஒரு நோட்டுப் புத்தகம் தனியாக வாங்கிப் போனாள். கார் நிக்கோபாரில் பேசும் மொழி வேறு. கச்சாலில் பேசும் மொழி வேறு. குழந்தைகளிடம் கேட்டுக் கேட்டு, நாளைக்கு ஐந்து சொல்லாவது தமிழெழுத்தில் அதில் எழுதிக்கொள்கின்றாளாம். அவள் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கின்றார்களாம். அங்கே எத்தனை ஆண்டு இருப்பாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நானே கடல் தாண்டி வேலை பார்க்கின்றவன்; கேட்கும் முகம் எனக்கில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் பிற்பகல், எழும்பூரில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அழைத்தது. மகள்தான். வகுப்பில் இரயிலைப் பற்றிப் பேச்சு வந்ததாம். மைதானத்தில் வரிசை கட்டி ஓடிப் பார்த்தாயிற்றாம். ஆனால் கூவல் சரியாக வரவில்லை என்று ஒரு பெண் குழந்தை சொல்லிவிட்டதாம்.

மதுரைக்குப் போகும் வைகை விரைவு வண்டி புறப்படும் நேரம் அது. எடைப் பலகையை அப்படியே விட்டுவிட்டு நடைமேடைக்கு ஓடினேன். எஞ்சினுக்கு அருகில் நின்று கையை நீட்டிக் கைப்பேசியைப் பிடித்தேன். எஞ்சின் ஓட்டுநர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்னால் கார்டு பச்சைக் கொடி காட்டினார். வண்டி ஊதிற்று, நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

காதில் வைத்துக் கேட்டபோது, அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அதற்கு நடுவில் ஒரு சிறுவன், அந்த வண்டியில் எத்தனை பெட்டி என்று கேட்டான். நான் எண்ணவில்லை என்றேன். அடுத்த தடவை எண்ணிச் சொல்லவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். குழந்தைகள் நாடகத்துக்குத் துடிக்கின்றார்கள்.